பொதுநிதியும் அமானிதமும்
உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் நெறிகளும் கூட்டாண்மையும்: ஓர் அறிமுகம்

முன்னுரை

பலர் கூடி ஒரு நற்பணிக்கெனப் பொருள் தொகுப்பதும், அப்பொருளைக் காக்கச் சிலரைப் பொறுப்பாளராக அமர்த்துவதும் நம் மண்ணுக்குப் புதியன அல்ல. முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் வாரியத்திற்குத் தேர்ந்தெடுக்கப்படலாகாது என விதிக்கின்றன. மதீனாவில் ரூமா என்னும் கிணற்றை விலைக்கு வாங்கி மக்கள் அனைவர்க்கும் பொதுவாக்கிய உஸ்மான் (ரலி) அவர்களின் செயலை வக்ஃபு வரலாற்றின் முன்னோடிச் செயல்களுள் ஒன்றாக நாம் போற்றுகிறோம். வக்ஃபு என்னும் அமைப்பில் கொடுத்தவர் ஒருவர். காப்பவராகிய முத்தவல்லி மற்றொருவர். பயன் பெறுவோர் வேறொருவர். இம்மூவரையும் இணைக்கும் கயிறு அமானிதம் என்னும் நம்பிக்கைப் பொறுப்பு ஆகும்.

இவ்வமானிதத்தை ஓர் ஊரளவில் காப்பதே அரிது. உலகின் பெரும்பாலான நாடுகள் ஒன்றுகூடி ஒரு பொதுநிதியை நிறுவும்போது அதனை எவ்வாறு காப்பது? பணம் தந்த நாட்டின் சொல்லுக்கு எவ்வளவு எடை, பெறும் நாட்டின் சொல்லுக்கு எவ்வளவு எடை? கடலோரக் குடிசையில் வாழும் ஒருவர் அந்நிதியின்மீது கேள்வி எழுப்ப வழியுண்டா? இவ்வினாக்களுக்கு விடை காணும் பணியே பன்னாட்டு நிறுவனங்களில் கொள்கை வகுப்புப் பணி எனவும் கூட்டாண்மைப் பணி எனவும் வழங்கப்படுகின்றது. 'குளோபல் என்விரான்மென்ட் ஃபெசிலிட்டி' என ஆங்கிலத்தில் வழங்கும் உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தைச் சான்றாகக் கொண்டு இப்பணியின் இயல்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றமும் திருத்தமும்

1991ஆம் ஆண்டில் உலக வங்கியின் நிழலில் ஏறத்தாழ 100 கோடி டாலர் முதலீட்டில் ஒரு முன்னோடி முயற்சியாக இந்நிதியம் தொடங்கப்பெற்றது. உலக வங்கி, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம், ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் ஆகிய மூன்றும் இதனை நடத்தின. தொடக்கத்திலேயே ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பணம் தரும் செல்வ நாடுகளின் விருப்பப்படியே யாவும் நடக்கின்றன, முடிவுகள் மூடிய கதவுகளுக்குப் பின்னே எடுக்கப்படுகின்றன என்று வளரும் நாடுகள் குறைகூறின. முன்னோடிக் கட்டத்தை ஆராய்ந்த புறத்தார் மதிப்பீடும் பல குறைகளைச் சுட்டியது.

1992இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த புவி உச்சி மாநாடு இந்நிதியத்தின் வரலாற்றில் ஒரு திருப்பமாகும். அங்குக் கையொப்பத்திற்கு வைக்கப்பெற்ற தட்பவெப்பநிலை மாற்ற உடன்படிக்கைக்கும் பல்லுயிர் வள உடன்படிக்கைக்கும் பொருளுதவி அளிக்கும் வாயிலாக இந்நிதியம் ஏற்கப்பட்டது. ஆயினும், நிதியத்தின் ஆட்சிமுறை மாறவேண்டும் என வளரும் நாடுகள் உறுதியாக நின்றன. அதன் விளைவாக 1994 மார்ச்சில் ஜெனீவாவில் 70க்கும் மேற்பட்ட நாடுகள் கூடி நிதியத்தின் அடிப்படைச் சாசனத்தை இயற்றின. பின்னர்ப் பாலைவனமாதலைத் தடுக்கும் உடன்படிக்கை, நிலைத்த கரிம நச்சுப் பொருள்கள் பற்றிய 2001ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, பாதரசம் பற்றிய 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை ஆகியவற்றின் பணிகளும் இதன்பாற் சேர்ந்தன. இன்று 180க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் பங்கு கொண்டுள்ளன.

சாசனம் எழுந்த நாள்தொட்டு 2003 வரை இதன் தலைமைச் செயல் அலுவலராக விளங்கியவர் எகிப்து நாட்டைச் சார்ந்த நிலவியல் அறிஞர் முகமது எல்-அஷ்ரி என்பது நம் மாணவர் அறியத்தக்கது. இரு தரப்பாரும் ஐயத்தோடு நோக்கிய ஓர் அமைப்பை இரு தரப்பாரும் வந்து அமரும் அவையாக மாற்றிய தொடக்கப் பணியில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

பிரித்து வைக்கப்பட்ட பொறுப்புகள்

இந்நிதியத்தின் அமைப்பை நோக்குவார்க்கு முதலில் புலப்படுவது பொறுப்புகள் பலர் கையில் பிரித்து வைக்கப்பட்டிருத்தலாகும். பணத்தை வைத்துக் காப்பது உலக வங்கி. ஆனால் அதனை எதற்குச் செலவிடுவது என முடிவு செய்வது அவ்வங்கி அன்று. முடிவெடுப்பது 32 உறுப்பினர் கொண்ட ஆட்சிக்குழு. அம்முடிவுக்கான ஆவணங்களை ஆயத்தம் செய்வது வாஷிங்டன் நகரிலுள்ள செயலகம். திட்டங்களை நாடுகளில் நடத்துவிப்பவை முகமைகள். அறிவியல் முறையில் திட்டத்தின் தகுதியை உரைப்பது தனியானதோர் அறிவுரைக் குழு. நடந்தவற்றை அளந்து பார்ப்பது தன்னுரிமை பெற்ற மதிப்பீட்டு அலுவலகம். அது செயலகத் தலைவருக்குக் கட்டுப்படாது நேரே ஆட்சிக்குழுவிடமே அறிக்கை தருகின்றது. வக்ஃபு சொத்தைக் காப்பவரே அதன் கணக்கைச் சரிபார்ப்பவராகவும் இருத்தலாகாது என்னும் பழைய அறிவு ஈண்டு உலகளவில் செயற்படுவதைக் காண்கிறோம்.

வாக்கின் எடை

ஆட்சிக்குழுவின் 32 இடங்களுள் 16 வளரும் நாடுகளுக்கும், 14 வளர்ந்த நாடுகளுக்கும், 2 கிழக்கு ஐரோப்பாவையும் முன்னாள் சோவியத் பகுதிகளையும் சார்ந்த நாடுகளுக்கும் உரியவை. நாடுகள் பல தொகுதிகளாகப் பிரிந்து ஓர் இருக்கையைப் பகிர்ந்து கொள்கின்றன. இந்தியா, இலங்கை, வங்காளதேசம், நேபாளம், பூட்டான், மாலத்தீவு ஆகிய ஆறும் ஒரே தொகுதி. நூறு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நாடும் சில இலட்சம் மக்களே வாழும் தீவு நாடும் ஒரே நாற்காலியின் வழியாகப் பேசவேண்டும் என்பதால், அவைக்கு வருமுன் தமக்குள் கலந்தாய்தல் இன்றியமையாததாகின்றது.

முடிவுகள் ஒருமித்த கருத்தால் எட்டப்பட வேண்டும் என்பதே விதி. அது கூடாதவிடத்து வாக்கெடுப்பு நடத்தலாம். அவ்வாக்கெடுப்பில் ஒரு தீர்மானம் வெற்றிபெற இரண்டு தடைகளைக் கடத்தல் வேண்டும். உறுப்பு நாடுகளின் எண்ணிக்கையில் நூற்றுக்கு 60 பங்கு அதனை ஆதரிக்க வேண்டும். மொத்த நன்கொடையில் நூற்றுக்கு 60 பங்கு அளித்த நாடுகளும் ஆதரிக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் நாட்டுக்கு ஒரு வாக்கு. உலக வங்கியில் பங்குத் தொகைக்கேற்ற வாக்கு. இவ்விரு முறைகளையும் ஒரே சாசனத்தில் பிணைத்தது 1994ஆம் ஆண்டின் அருஞ்செயல் எனலாம். இதனால் செல்வர் மட்டும் கூடி எளியோரை மீறவும் இயலாது. எளியோர் மட்டும் கூடிச் செல்வரின் பையைத் திறக்கவும் இயலாது. இரு சாராரும் பேசியே தீரவேண்டும். இஸ்லாமிய மரபு வலியுறுத்தும் ஷூரா என்னும் கலந்தாய்வு நெறியோடு இஃது ஒப்புநோக்கத் தக்கது.

பங்கீட்டு நெறி

நிதியத்தின் கருவூலம் ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நன்கொடை நாடுகளால் மீண்டும் நிரப்பப்படுகின்றது. 2022இல் நடந்த எட்டாம் மீள்நிரப்பலில் 29 நாடுகள் 533 கோடி டாலர் தருவதாக உறுதி கூறின. இந்தியா தொடக்கம் முதலே இந்நிதிக்குக் கொடுத்தும் இதிலிருந்து பெற்றும் வரும் நாடு என்பது குறிக்கத்தக்கது. நிதியத்தின் முதற் பேரவை 1998இல் கூடியதும் புதுதில்லியிலேயே.

எதற்குப் பணம் தருவது என்பதற்கு ஓர் அடிப்படை விதி உண்டு. ஒரு நாடு தன் தேவைக்காக எப்படியும் செய்யவேண்டிய செலவை நிதியம் ஏற்காது. உலக நன்மைக்காக அந்நாடு மிகுதியாகச் செய்யும் செலவையே ஏற்கும். சான்றாக, ஒரு நாடு 100 கோடியில் அனல்மின் நிலையம் அமைக்கலாம் என்றும், அதே மின்சாரத்தைப் புகையற்ற வழியில் பெற 120 கோடி வேண்டும் என்றும் கொள்வோம். அந்த 100 கோடி அந்நாட்டின் கடமை. மிகுதியான 20 கோடி உலகின் கடமை. கருத்து எளிது. ஆனால் ஒரு காட்டையோ பவளப்பாறையையோ காக்கும் செலவில் நாட்டு நன்மை எவ்வளவு, உலக நன்மை எவ்வளவு எனக் கோடு கிழிப்பது அரிது. பல ஆண்டுகளாகக் கொள்கை வகுப்போரை வருத்திய சிக்கல் இது.

எந்த நாட்டுக்கு எவ்வளவு என்பது அதனினும் கடுஞ்சிக்கல். தொடக்கத்தில் திட்டங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தே பணம் வழங்கப்பட்டது. திறமையாக விண்ணப்பம் எழுதும் நாடுகள் முந்திக்கொண்டன. நன்கொடை நாடுகளின், குறிப்பாக அமெரிக்க ஐக்கிய நாடுகளின், வற்புறுத்தலால் 2005இல் ஒரு பங்கீட்டுச் சூத்திரம் ஏற்கப்பட்டது. நாட்டின் இயற்கை வளம் உலகுக்கு எவ்வளவு முதன்மையானது, அந்நாடு முன்னர்ப் பெற்ற பணத்தை எவ்வாறு கையாண்டது என்னும் இரண்டு அளவைகளால் அச்சூத்திரம் அமைந்தது. சிறிய நாடுகள் பல ஒரே தொகுப்பில் தள்ளப்பட்டு ஏமாற்றம் அடைந்தன. ஆகவே 2010இல் அது திருத்தப்பட்டு, ஒவ்வொரு நாட்டுக்கும் தனிப் பங்கும் குறைந்தபட்ச அளவும் வகுக்கப்பட்டன. ஏழை நாட்டுக்குச் சாய்வு தரும் அளவையும் சேர்க்கப்பட்டது. ஒரு கணக்குச் சூத்திரத்தில் ஓர் எண்ணை மாற்றினால் ஒரு தீவு நாட்டின் நான்காண்டுத் திட்டமே மாறிவிடும் என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

கூட்டாளிகளும் பொறுப்பும்

மூன்று முகமைகளோடு தொடங்கிய நிதியம் இன்று 18 முகமைகளோடு இயங்குகின்றது. ஆசிய வளர்ச்சி வங்கி, உணவு வேளாண் நிறுவனம் முதலியன முதலிற் சேர்ந்தன. பின்னர்த் தென்னாப்பிரிக்க வளர்ச்சி வங்கி, பிரேசில் நாட்டுப் பல்லுயிர் நிதியம், மேற்கு ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி முதலிய தென்னுலக நிறுவனங்களும் தேர்வு பெற்று இடம்பெற்றன. கணக்கு வைப்புமுறை, தணிக்கை, மக்களுக்கும் இயற்கைக்கும் தீங்கு நேராவண்ணம் காக்கும் நெறி ஆகியவற்றில் தேறிய நிறுவனமே முகமையாகலாம். திட்ட மேற்பார்வைக்கென நல்கையில் நூற்றுக்கு 9 முதல் 9.5 பங்கு வரை முகமைக்குக் கட்டணம் தரும் முறையும் வகுக்கப்பட்டது. ஒரு நாட்டில் எத்திட்டம் நடக்கவேண்டுமாயினும் அந்நாட்டு அரசு அமர்த்திய தொடர்பு அலுவலரின் ஒப்புதல் கடிதம் வேண்டும்.

கைகள் பல என்பதில் காப்பும் உண்டு, ஆபத்தும் உண்டு. ரஷ்யாவில் மின்கருவிகளின் ஆற்றல் திறனை உயர்த்த, வளர்ச்சித் திட்டத்தின் வழியாக இந்நிதியம் பொருள் அளித்த ஒரு பணியில், பணம் முறைகேடாகச் செலவாயிற்று என்னும் குற்றச்சாட்டு எழுந்து 2019இல் உலக இதழ்களில் வெளியாயிற்று. 2020இல் வளர்ச்சித் திட்டத்தின் உள்தணிக்கையே, நிதியத்தின் பணிகளை அந்நிறுவனம் மேற்பார்வையிட்ட முறையில் குறைகள் உள்ளமையைச் சுட்டியது. ஆட்சிக்குழு புறத்தார் ஆய்வு வேண்டுமெனக் கோரியது. செயலகம் முகமையை நம்புகின்றது. முகமை நாட்டு அலுவலகத்தை நம்புகின்றது. நாட்டு அலுவலகம் ஒப்பந்தக்காரரை நம்புகின்றது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி நைந்தால், பொறுப்பை ஒருவர்மேல் ஒருவர் தள்ளிவிட இயலும். யார் எதற்கு விடைகூற வேண்டும் என முன்கூட்டியே எழுதிவைப்பதுதான் கொள்கை வகுப்போரின் தலையாய பணி என்பது இதனால் விளங்கும்.

அப்பணி ஆரவாரமற்றது. ஆட்சிக்குழு ஆண்டுக்கு இருமுறை கூடும். அதற்கு முன் வரைவு எழுதுதல், முகமைகளின் மறுப்பைக் கேட்டல், நாடுகளோடு பேசுதல், தொண்டு நிறுவனங்களின் கருத்தைச் சேர்த்தல், ஒரு சொல்லுக்காக மீண்டும் திருத்தி எழுதுதல் ஆகியவற்றிலேயே மாதங்கள் கழியும். 'வேண்டும்' என்பதற்கும் 'இயன்றவரை' என்பதற்கும் இடையேயுள்ள தொலைவில் ஒரு மீனவ ஊரின் உரிமை நிற்கலாம். இவ்வாறு உருவானவையே மக்கள் பங்கேற்பு, பாலினச் சமன்மை ஆகியவை பற்றி 2017இல் ஏற்கப்பட்ட நெறிகளும், சுற்றுச்சூழல் மற்றும் சமுதாயக் காப்பு பற்றி 2018இல் புதுப்பிக்கப்பட்ட நெறியும் ஆகும். பாதிக்கப்பட்டோர் முறையிட ஒரு பூசல் தீர்வு அலுவலரும் செயலகத்தில் அமர்த்தப்பட்டுள்ளார்.

மன்னார் வளைகுடாவில்

இந்நிதியத்தின் கை நம் கரையையும் தொட்டுள்ளது. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே பவளப்பாறைகள் சூழ்ந்த 21 தீவுகளை உள்ளடக்கிய பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. கடற்பசு, கடலாமை, கடற்குதிரை எனப் பல்லுயிர் வாழும் இடம் இது. அத்தீவுக் கூட்டங்களுள் ஒன்று கீழக்கரையின் பெயராலேயே வழங்குகின்றது. கட்டடச் சுண்ணாம்புக்கெனப் பவளம் வெட்டியெடுக்கப்பட்டதும் தீவுகள் தேய்ந்ததற்கு ஒரு காரணம்; இரண்டு தீவுகள் கடலில் மூழ்கிவிட்டன.

2002 முதல் பத்தாண்டுகள், ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தை முகமையாகக் கொண்டு, நிதியத்தின் உதவியுடன் இக்காப்பகத்தில் ஒரு பெருந்திட்டம் நடைபெற்றது. இதற்கெனத் தமிழ்நாட்டரசு மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளையை நிறுவியது. கரையோர ஊர்களில் மக்கள் குழுக்கள் அமைக்கப்பட்டன. கடலை மட்டும் நம்பியிராது வேறு தொழிலும் செய்ய அவற்றின் வழியே சுழல்நிதிக் கடன் வழங்கப்பட்டது.

இங்கே ஒரு முரண் உண்டு. இராமநாதபுரம் மாவட்டக் கரையோரப் பெண்கள் தலைமுறைகளாகத் தீவுகளை ஒட்டிய ஆழமற்ற நீரில் மூழ்கிக் கடற்பாசி சேகரித்து வந்தவர்கள். பூங்கா அறிவிப்புக்குப்பின் அத்தீவுகளில் கால்வைப்பது சட்டப்படி குற்றமாயிற்று. பவளமும் பாசியும் காக்கப்பட வேண்டியவை என்பது உண்மை. அப்பாசியால் வரும் கூலியே அப்பெண்களின் அடுப்பெரியக் காரணம் என்பதும் உண்மை. 'உலக நன்மை' என ஆவணத்தில் எழுதப்படுவதன் ஒரு பகுதியை இவர்கள் தம் வருவாயால் செலுத்துகின்றனர். நிதியம் ஏற்பதாகச் சொல்லும் அந்த மிகைச் செலவின் கணக்கில் இவர்களுடைய இழப்பு ஏறியதா? வரைவு எழுதப்படும் முன்னர் இவர்களிடம் கேட்கப்பட்டதா, எழுதி முடித்த பின்னர் அறிவிக்கப்பட்டதா? 2017, 2018ஆம் ஆண்டு நெறிகள் உலகம் முழுவதற்குமாக வினவுவது இதனையே. ஒரு நெறியின் மதிப்பு வாஷிங்டனில் அது ஏற்கப்படும் நாளில் தெரிவதில்லை. இத்தகைய கரையில்தான் தெரிகின்றது.

இதனை உணர்ந்த ஏற்பாடு ஒன்றும் நிதியத்தில் உண்டு. 1992இல் தொடங்கிய சிறு நல்கைத் திட்டம் அரசுகளைக் கடந்து ஊர்க் குழுக்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் நேரே உதவுவது. நெடுங்காலம் ஒரு பணிக்கு 50,000 டாலர் என்பதே அதன் உச்ச வரம்பு. பெரிய திட்டங்களை நோக்க இது சிறுதொகையே. எனினும் முடிவு ஊராரிடம் நெருங்கி வருவது இதன் சிறப்பாகும்.

முடிவுரை

நிதியத்தின் நடைமுறை மெதுவானது, தாள்கள் மிகுந்தது, உலகின் தேவையை நோக்க அதன் தொகை சிறிது என்னும் குறைகள் கூறப்படுகின்றன. அவற்றில் உண்மை உண்டு. ஆயினும் மெதுவாக நடக்கும் கலந்தாய்வு, விரைந்து இழைக்கப்படும் அநீதியினும் மேலானது. நிதியத்தின் முப்பதாண்டு வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகின்றது. பணம் தருவோரும் பெறுவோரும் ஒருவரையொருவர் ஐயுற்றபோதெல்லாம் அவர்களை மீண்டும் ஓரவையில் அமர்த்தியது ஒரு புதிய நன்கொடையன்று. திருத்தி எழுதப்பட்ட ஒரு விதியே.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இதில் என்ன பங்கு எனக் கேட்கலாம். மக்களிடம் கருத்துக் கேட்கவேண்டும் என விதி கூறுகின்றது. ஆனால் திட்ட ஆவணங்கள் ஆங்கிலத்தில், அதிலும் அலுவலக ஆங்கிலத்தில் உள்ளன. விளங்காத மொழியில் கேட்கப்பட்ட கேள்விக்குத் தலையசைத்தலை ஒப்புதல் எனக் கொள்ளலாகாது. அவ்வாவணத்தைப் பாசி எடுக்கும் பெண்ணுக்கு விளங்கும் தமிழில் தருவதும், அவர் சொல்லும் மறுமொழியைப் பொருள் குன்றாது அலுவலகத்திற்கு எடுத்துச் செல்வதும் மொழி கற்றோரின் கடமை. துறைச்சொல் ஆக்கமும் மொழிபெயர்ப்பும் தேர்வுத்தாளோடு முடியும் பாடங்கள் அல்ல.

முத்தவல்லி தம் கணக்கை ஊராரிடமும் காட்டவேண்டும். அதற்கு முதலில் ஊரார்க்கு அக்கணக்கைப் படிக்கத் தெரியவேண்டும். உலகப் பொதுநிதிக்கும் இதுவே அளவுகோல். பயன்பெற வேண்டிய கடைசி மனிதர் தம் மொழியில் வினவவும் அதற்கு விடை பெறவும் இயலும் நாளில்தான் அந்த அமானிதம் நிறைவேறியதாகக் கொள்ளப்படும்.